சிக்கனக் கடை

சிக்கனக் கடை என்பது பிறர் பயன்படுத்திய உடைகளையும் வீட்டுப் பொருட்களையும் நன்கொடையாகப் பெற்று, அவற்றை மலிவு விலைக்கு விற்கும் கடை ஆகும். விற்பனையில் கிடைக்கும் வருவாய் பெரும்பாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பணிகளுக்குச் செல்கிறது. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இவை 'திரிஃப்ட் ஸ்டோர்' என்று அழைக்கப்படுகின்றன. நூல்கள், பாத்திரங்கள், அறைகலன்கள், பழைய இசைத்தட்டுகள் எனப் பலவும் இங்கு விற்கப்பட்டாலும், கடையின் பெரும்பகுதியை அடைத்துக் கொள்பவை உடைகளே. இக்கட்டுரை முதன்மையாக ஐக்கிய அமெரிக்காவில் உள்ள கடைகளையும், அவற்றில் பழைய உடைகள் வாங்கப்படும் முறையையும் பற்றியது.

பெயரும் வகைகளும்

ஆங்கிலத்தில் 'திரிஃப்ட்' என்பது சிக்கனத்தைக் குறிக்கும். இதே வகைக் கடை ஐக்கிய இராச்சியத்தில் 'சாரிட்டி ஷாப்' (அறக்கொடைக் கடை) எனவும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'ஆப் ஷாப்' எனவும் வழங்கப்படுகிறது. மலேசியாவில் பொதிகளாக இறக்குமதியாகும் பழைய உடைகளை விற்கும் கடைகளுக்குப் 'பண்டல்' கடை என்று பெயர்; பிலிப்பீன்சில் 'உகாய்-உகாய்' என்பர். தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. 'பழைய துணிக்கடை' என்றால் பொருள் விளங்கும். ஆயினும் அச்சொல் கந்தல் வாங்குபவரையும் குறிப்பதால், இக்கட்டுரையில் சிக்கனக் கடை என்ற சொல் ஆளப்படுகிறது.

பழைய உடை விற்கும் எல்லாக் கடைகளும் சிக்கனக் கடைகள் அல்ல. உடையின் உரிமையாளர் கடையில் ஒப்படைத்து, விற்ற பின் தன் பங்கைப் பெறும் ஒப்படைப்புக் கடைகள் தனி வகை. வாடிக்கையாளரிடம் உடனே பணம் கொடுத்தோ மாற்று உடை கொடுத்தோ வாங்கும் கடைகள் மற்றொரு வகை. 1974-இல் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் தொடங்கப்பட்ட பஃபலோ எக்ஸ்சேஞ்ச் இதற்கு எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட காலத்து உடைகளை மட்டும் தேர்ந்தெடுத்து உயர்ந்த விலைக்கு விற்பவை 'விண்டேஜ்' கடைகள். இக்கடைக்காரர்களில் பலர் தம் சரக்கைச் சிக்கனக் கடைகளிலிருந்தே பொறுக்கி எடுக்கின்றனர்.

விண்டேஜ் என்பதற்குச் சட்ட வரையறை இல்லை. குறைந்தது 20 ஆண்டுகள் பழமையான உடையை அவ்வாறு அழைப்பதும், 100 ஆண்டுகளைக் கடந்ததைத் தொல்பொருள் என்பதும் வணிக வழக்கு. இவ்வழக்கின்படி 2000-களின் தொடக்கத்தில் தைக்கப்பட்ட உடைகளும் இன்று விண்டேஜ் ஆகிவிட்டன.

வரலாறு

இயந்திர நெசவு பரவுவதற்கு முன் துணி விலையுயர்ந்த பொருளாக இருந்தது. செல்வர் களைந்த உடையைப் பணியாளர் அணிவதும், அவர் விற்றதை மற்றொருவர் வாங்குவதும், கடைசியில் கந்தலான பின் அது காகித ஆலைக்குச் செல்வதும் ஐரோப்பிய நகரங்களில் இயல்பாக நடந்தன. இலண்டனில் மான்மவுத் தெருவும் பெட்டிகோட் லேனும் பழைய உடை வணிகத்துக்குப் பெயர் பெற்றவை. சார்லஸ் டிக்கின்ஸ் 1836-இல் மான்மவுத் தெருவின் பழந்துணிக் கடைகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியுள்ளார். 1813 அளவில் யார்க்சயரின் பேட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லா என்பவர், கம்பளிக் கந்தலைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் முறையைக் கண்டறிந்தார். அவ்வாறு நெய்யப்பட்ட துணி 'ஷாடி' எனப்பட்டது. மட்டமானது என்ற பொருளில் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இதுவே.

19-ஆம் நூற்றாண்டில் தையல் இயந்திரமும் ஆயத்த ஆடைகளும் வந்த பின், புதிய உடை மலிவாயிற்று. பழைய உடை வறுமையின் அடையாளமாயிற்று. அமெரிக்க நகரங்களில் பழந்துணி வணிகத்தில் புலம்பெயர்ந்த யூதர்கள் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். அவர்கள் மீதிருந்த வெறுப்பும், பழைய உடைவழி அம்மை போன்ற நோய்கள் பரவும் என்ற அச்சமும் சேர்ந்து இவ்வணிகத்துக்கு ஓர் இழிவை ஏற்படுத்தின. அந்த இழிவைத் துடைத்தவை கிறித்தவத் தொண்டு நிறுவனங்கள் ஆகும். பொருள் அதுவேதான், ஆனால் விற்பவர் பாதிரியார் ஆனதும் வாங்குவது அறச்செயல் ஆயிற்று.

1865-இல் இலண்டனில் வில்லியம் பூத் தொடங்கிய அமைப்பு 1878-இல் சால்வேசன் ஆர்மி (இரட்சணிய சேனை) என்ற பெயரைப் பெற்றது. இதன் அமெரிக்கக் கிளை 1890-களில் வேலையற்றோரைக் கொண்டு வீடு வீடாகக் கழிபொருட்களைத் திரட்டி விற்கத் தொடங்கியது. 1902-இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஜே. ஹெல்ம்ஸ் என்ற மெதடிசுத் திருச்சபைப் பாதிரியார், செல்வர் வாழும் பகுதிகளில் பழைய உடைகளைத் திரட்டினார். தம் பகுதியில் வேலையின்றி இருந்த புலம்பெயர்ந்தோரைக் கூலிக்கு அமர்த்தி அவற்றைத் தைத்துச் செப்பனிடச் செய்தார். செப்பனிட்ட உடைகள் மலிவாக விற்கப்பட்டன, அப்பணமே கூலியாயிற்று. பின்னாளில் குட்வில் இண்டஸ்ட்ரீஸ் எனப் பெயர் பெற்ற அமைப்பின் தொடக்கம் இதுவாகும். இன்று 150-க்கும் மேற்பட்ட தன்னாட்சியுடைய வட்டார அமைப்புகள் இப்பெயரில் இயங்குகின்றன. ஒரே பெயர்ப்பலகை இருந்தாலும் விலை, விதி, ஊதியம் ஆகியவை ஒவ்வொரு வட்டாரத்திலும் வேறுபடும் என்பதைக் கவனிக்க.

ஐக்கிய இராச்சியத்தில் 1942-இல் பஞ்ச நிவாரணத்துக்காக ஆக்சுபோர்டில் தொடங்கப்பட்ட ஆக்சுபாம், 1940-களின் இறுதியில் அந்நகரின் பிராட் தெருவில் தன் முதல் கடையைத் திறந்தது. இலாப நோக்குடைய நிறுவனங்களும் இத்துறையில் உண்டு. 1954-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட சேவர்ஸ் (வேல்யூ வில்லேஜ்) அவற்றுள் பெரியது. அது தொண்டு நிறுவனங்கள் திரட்டும் பொருட்களை எடைக்கணக்கில் விலைகொடுத்து வாங்கி விற்கிறது. வாடிக்கையாளரைத் தொண்டு நிறுவனம் என்று எண்ணச் செய்வதாக வாஷிங்டன் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2017-இல் அதன்மீது வழக்குத் தொடர்ந்தார். 2023-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தேவைக்காக அன்றி விருப்பத்துக்காகப் பழைய உடை அணியும் வழக்கம் பிந்தியது. 1950-களின் நடுவில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதி இளைஞர்கள், 1920-களில் கல்லூரி மாணவர் அணிந்த ரக்கூன் தோல் மேலங்கிகளைத் தேடி அணியத் தொடங்கினர். விண்டேஜ் மோகத்தின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. 1960-களில் ஹிப்பிகளும், 1990-களின் தொடக்கத்தில் சியாட்டில் 'கிரஞ்ச்' இசைக்குழுவினரும் இதைப் பரப்பினர். மரம் வெட்டுபவர் அணியும் கட்டம்போட்ட பழைய பிளானல் சட்டை அப்போது உயர்விலை வடிவமைப்பாளர்களால் பட்டில் போலி செய்யப்பட்டது. மேக்கில்மோர், ரயன் லூயிஸ் ஆகியோரின் 'திரிஃப்ட் ஷாப்' என்ற 2012-ஆம் ஆண்டுப் பாடல், 2013-இல் பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பெற்றது. நன்கொடைக் கடையைப் பற்றிய பாடல் ஒன்று அவ்விடத்தை அடையும் என 1902-இல் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கடை இயங்கும் முறை

கடையின் பின்புறம் நன்கொடை வாயில் இருக்கும். மகிழுந்தில் வந்து பைகளை இறக்குபவருக்குப் பற்றுச்சீட்டு தரப்படும். அமெரிக்க வருமானவரிச் சட்டப்படி நன்கொடைக்கு வரிக்கழிவு கோரலாம். ஆனால் 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உடை நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே கழிவு கிடைக்கும்.

உள்ளே பிரிப்போர் ஒவ்வோர் உடையையும் சில நொடிகளே பார்க்கின்றனர். கறையும் கிழிசலும் உள்ளவை ஒதுக்கப்படுகின்றன. பெயர் பெற்ற வணிகக்குறி உள்ளவை இணைய விற்பனைக்கோ கண்ணாடிப் பேழைக்கோ செல்கின்றன. மற்றவை விலை குறிக்கப்பட்டுத் தொங்கவிடப்படுகின்றன. இந்த வேகமே வாங்குபவருக்கு வாய்ப்பாக அமைகிறது. பிரிப்பவருக்கு இன்றைய வணிகக்குறிகள் தெரியும். ஆனால் 1950-களில் மூடப்பட்ட ஒரு தையலகத்தின் பெயரோ, கையால் தைத்த உள்மடிப்போ கண்ணில் படுவது அரிது.

பல கடைகளில் வண்ணச்சீட்டு முறை உள்ளது. ஒவ்வொரு வாரமும் புதிதாக வரும் உடைகளுக்கு ஒரே வண்ணத்தில் விலைச்சீட்டு இடப்படும். சில வாரங்கள் கழிந்ததும் அவ்வண்ணம் தள்ளுபடிக்கு வரும். அப்போது பெரும்பாலும் பாதி விலையே. அதன் பின்னும் விற்காதவை தொங்கலிலிருந்து அகற்றப்படும். கணினி அறிவியல் மாணவருக்கு இதை முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை என்று சொன்னால் போதும். கணினி இல்லாமலேயே ஒவ்வொரு சட்டையின் வயதையும் ஊழியர் தொலைவிலிருந்தே அறிய முடிகிறது.

அகற்றப்பட்டவை குட்வில் போன்ற அமைப்புகளின் 'அவுட்லெட்' கிடங்குகளுக்குச் செல்கின்றன. அங்கு தொங்கல் இல்லை, விலைச்சீட்டு இல்லை. சக்கரம் பொருத்திய நீண்ட தொட்டிகளில் உடைகள் கொட்டப்பட்டு எடைக்கு விற்கப்படும். புதிய தொட்டி உருட்டி வரப்படும்போது ஊழியர் சைகை காட்டும் வரை எவரும் தொடக்கூடாது என்பது பொதுவான விதி. கண்ணாடித் துண்டும் ஊசியும் கலந்திருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிந்து கிளறுவது நல்லது. இங்கும் விற்காதவை பொதிகளாகக் கட்டப்பட்டு வணிகர்களுக்கு மொத்தமாக விற்கப்படுகின்றன.

உடையைச் சோதித்தல்

புதிய உடைக் கடையில் ஒரே சட்டை எல்லா அளவிலும் இருக்கும். சிக்கனக் கடையில் ஒவ்வொன்றும் ஒன்றே. எனவே தேவையானதைத் தேடிச் செல்வதை விட, இருப்பதில் நல்லதைக் கண்டறியும் திறனே பயன் தரும். பழகியவர்கள் சீட்டைப் படிப்பதற்கு முன் தொங்கலின் நெடுகக் கையை ஓட்டிச் செல்வர். பட்டு, கம்பளி, லினன் ஆகியவை விரல்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

சீட்டில் உள்ள அளவை நம்பலாகாது. அமெரிக்கப் பெண்கள் உடைகளுக்கு 1958-இல் வெளியிடப்பட்ட அரசுத் தர அளவு 1983-இல் கைவிடப்பட்டது. உற்பத்தியாளர்கள் வாடிக்கையாளர் மகிழும் வண்ணம் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்துள்ளனர். ஆகவே 1960-களின் 12 என்ற அளவு, இன்றைய 12-ஐ விட மிகச் சிறியது. பொருத்தமான தன் உடை ஒன்றின் தோள், மார்பு, இடுப்பு, நீளம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொண்டு, கையில் அளவு நாடாவுடன் செல்வதே சரியான வழி. 2020-இல் பெருந்தொற்றின் போது மூடப்பட்ட உடை மாற்றும் அறைகளைப் பல கடைகள் மீண்டும் திறக்கவில்லை என்பதால் இது மேலும் இன்றியமையாதது.

குறைகள் இருக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. அக்குள், காலரின் உட்புறம், கைப்பட்டி, கால்சட்டையின் தொடைப்பகுதி ஆகியன முதலில் தேயும். கம்பளி உடையை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் அந்துப்பூச்சி அரித்த துளைகள் புள்ளிகளாகத் தெரியும். ஜிப்பை முழுதும் திறந்து மூட வேண்டும். இவற்றுள் எது சரிசெய்யத்தக்கது என்று அறிவதே முக்கியம். பொத்தான் இல்லாமை, பிரிந்த தையல், கீழ்மடிப்பு அவிழ்தல் ஆகியவற்றை அரைமணி நேரத்தில் கையால் தைத்துவிடலாம். ஜிப் மாற்றுவதற்குத் தையற்காரர் கேட்கும் கூலி உடையின் விலையை விஞ்சிவிடும். அக்குளில் மஞ்சளித்த பட்டும், மடிப்பில் வெடித்த பழைய பட்டும் மீளா. தோள் பெரிதாக உள்ள கோட்டைச் சிறிதாக்குவது கோட்டையே பிரித்துத் தைப்பதற்கு ஒப்பாகும்.

குழந்தைகள் உடையில் கூடுதல் கவனம் தேவை. கழுத்தில் இழுகயிறு உள்ள பழைய குளிர்மேற்சட்டைகள் விளையாட்டுச் சறுக்குகளில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததுண்டு. பாதுகாப்புக் காரணத்தால் திரும்பப் பெறப்பட்ட பொருட்களைப் பழைய பொருளாக விற்பதும் அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

காலத்தைக் கணித்தல்

உடையின் காலத்தை வெட்டையும் பாணியையும் மட்டும் கொண்டு கூறுவது தவறாக முடியலாம். 1940-களின் பாணி 1970-களில் மீண்டும் வந்தது. 1970-களின் பாணி 1990-களில் வந்தது. பாணி திரும்பும், சட்டம் திரும்பாது. ஆகவே சீட்டுகளில் அரசு விதிகள் விட்டுச் சென்ற தடயங்களே வலுவான சான்றுகள். அகழாய்வில் ஓர் அடுக்கில் கிடைத்த நாணயம், அவ்வடுக்கு அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்று காட்டுவதைப் போன்றதே இம்முறையும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1958-இல் இயற்றப்பட்டு 1960-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், உடையில் எவ்வகை இழை எத்தனை விழுக்காடு உள்ளது எனக் குறிப்பதைக் கட்டாயமாக்கியது. கம்பளிக்கு மட்டும் 1939-ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வாறு கூறியிருந்தது. உடையைத் துவைக்கும் முறையைக் குறிக்கும் நிலையான சீட்டு 1972 முதல் கட்டாயமாயிற்று. சொற்களுக்கு மாற்றாகத் தொட்டி, முக்கோணம், வட்டம் போன்ற குறியீடுகளை மட்டும் இடுவதற்கு 1997-இல் இசைவளிக்கப்பட்டது. முகவரியும் உதவும். ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963-இல்தான் வந்தது. அதற்கு முன் 1943 முதல் பெருநகரங்களில் 'நியூயார்க் 18' என்பது போன்ற வட்டார எண்ணே எழுதப்பட்டது.

எடுத்துக்காட்டாக, ஒரு கவுனின் சீட்டில் இழை விழுக்காடும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடும் உள்ளன; துவைக்கும் முறை குறிக்கப்படவில்லை என்று கொள்வோம். அஞ்சல் குறியீட்டால் அது 1963-க்கு முந்தியதல்ல. துவைப்புச் சீட்டு இன்மையால் பெரும்பாலும் 1972-க்குப் பிந்தியதல்ல. இவ்விரு முடிவுகளும் ஒரே வலிமை உடையன அல்ல. இருக்கும் ஒன்றைக் காண்பது சான்று. இல்லாத ஒன்றைக் கொண்டு முடிவு செய்வது ஊகம். உறுத்துகிறது என்று சீட்டை வெட்டி எறிபவர் எக்காலத்திலும் உண்டு. வீட்டில் தைத்த உடையில் சீட்டே இராது.

தொழிற்சங்கச் சீட்டுகள் மற்றொரு சான்று. 1900-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினர் தைத்த உடைகளில் ஒரு சிறு சீட்டை வைத்துத் தைத்தது. அதன் வடிவம் சில முறை மாறியுள்ளது. 1974 முதல் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் அச்சிடப்பட்டது. 1995-இல் அச்சங்கம் மற்றொன்றுடன் இணைந்தபோது இச்சீட்டும் முடிவுற்றது. சேகரிப்போர் இதை ஆண்டறியும் கருவியாக மட்டும் பார்க்கின்றனர். ஆனால் உடையைத் தைத்த கைகள் விட்டுச்சென்ற ஒரே குறிப்பு அதில் இதுவாகத்தான் இருக்கும். அமெரிக்க ஆடைத் தொழில் குறைகூலி நாடுகளுக்குப் பெயர்ந்ததும் இச்சீட்டுகள் அருகியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

நாட்டின் பெயரும் காலம் காட்டும். 'மேற்கு ஜெர்மனி' என்றிருந்தால் 1990-க்கு முந்தியது. 'ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பான்' என்றிருந்தால் 1952-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ ஆனது. தூய கம்பளியைக் குறிக்கும் 'வூல்மார்க்' நூற்கண்டுச் சின்னம் 1964-இல் அறிமுகமானது.

சீட்டு இல்லாதபோது தையலைப் பார்க்க வேண்டும். 1930, 40-களின் கவுன்களில் உலோக ஜிப் பெரும்பாலும் இடப்பக்கத் தையலில் இருக்கும். பின்னர் அது முதுகுக்கு இடம்பெயர்ந்தது. 1960-களில் நைலான் ஜிப் பரவியது. உள்ளே துணியின் ஓரம் பல்வெட்டுக் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தால் பழமைக்கு ஓர் அறிகுறி. ஓவர்லாக் தையல் பிற்காலத்தது. லீவைஸ் ஜீன்ஸின் பின்பைச் சிவப்புப் பட்டியில் பெயரின் இரண்டாம் எழுத்து 1971 வரை பெரிய எழுத்தாக இருந்தது, அதன்பின் சிறிய எழுத்தானது. இந்த ஓர் எழுத்தால் ஒரு கால்சட்டையின் விலை பல மடங்கு ஏறும். டி-சட்டைகளில் கைவிளிம்பில் ஒற்றைத் தையல் இருப்பது 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தியதற்கு அறிகுறி எனக் கொள்ளப்படுகிறது. ஆயினும் இதை அறிந்து போலிகளும் அவ்வாறே தைக்கப்படுகின்றன. மேலும் படத்தின் கீழ் அச்சிடப்பட்ட காப்புரிமை ஆண்டு படத்துக்குரியது, சட்டைக்குரியதன்று.

இழையை உறுதிசெய்ய உள்மடிப்பிலிருந்து எடுத்த ஒரு நூலை எரித்துப் பார்க்கும் முறை உண்டு. கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றத்துடன் பொடியாகும் சாம்பலைத் தரும். பருத்தி காகிதம்போல் எரியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இதை வாங்கிய பின் வீட்டில் செய்ய வேண்டும், கடையில் அன்று.

தூய்மை

பழைய உடைகளை அணியுமுன் துவைப்பது இயல்பான முன்னெச்சரிக்கை. மூட்டைப் பூச்சியும் அதன் முட்டையும் ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேல் அழிவதால், வெப்பம் தாங்கும் உடைகளை உலர்த்தும் இயந்திரத்தில் உயர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைப்பது போதுமானது. கம்பளியை இவ்வாறு செய்தால் சுருங்கிவிடும். அதைக் காற்றுப்புகாப் பையில் இட்டு உறைகுளிர்ப் பெட்டியில் சில நாட்கள் வைப்பர். அந்துருண்டை நாற்றம் துவைத்தாலும் எளிதில் போகாது. நிழலில் காற்றாட நெடுநாள் தொங்கவிடுவதே வழி.

விமர்சனங்கள்

சிக்கனக் கடைகளின் மீதான விமர்சனங்களுள் முதன்மையானது மறுவிற்பனையாளர் பற்றியது. 1995-இல் தொடங்கிய ஈபேயும், பின்னர் வந்த வின்டட், போஷ்மார்க், டீபாப் போன்ற தளங்களும், எவரும் வீட்டிலிருந்தபடியே பழைய உடை விற்க வழிசெய்தன. இதனால் கடைக்கு வரும் நல்ல உடைகளை வணிகர் முதலிலேயே அள்ளிச் செல்வதாகவும், அதைக் கண்டு கடைகள் விலையை உயர்த்துவதாகவும், இறுதியில் வேறு வழியின்றி அங்கு வாங்குபவரே இழப்பதாகவும் கூறப்படுகிறது. கடைகளுக்கு வரும் உடையில் பெரும்பகுதி விற்காமலேயே போவதால் எவர் வாங்கினாலும் நன்மையே என்பது மறுதரப்பு வாதம். மொத்த அளவில் பார்த்தால் மறுதரப்பு சொல்வது சரி. ஆனால் தட்டுப்பாடு எல்லா உடையிலும் இல்லை. கனமான குளிர்மேற்சட்டை, வேலைக்குரிய காலணி, பெரிய உடல் அளவுகளில் நல்ல உடை ஆகியவை எப்போதும் குறைவு. அவற்றைப் பொறுத்தவரை ஏழை வாடிக்கையாளரின் குறை நியாயமானதே.

ஊதியம் பற்றியும் சர்ச்சை உள்ளது. 1938-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் ஒரு பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை விடக் குறைவாகக் கொடுக்க உரிமம் வழங்க இடமளிக்கிறது. குட்வில்லின் சில வட்டார அமைப்புகள் இதைப் பயன்படுத்தியது 2013-இல் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கொடைப் பொருளைக் கொண்டு வேலை தருவதே நோக்கம் எனத் தொடங்கிய அமைப்பில் இது நிகழ்ந்ததால் கண்டனம் கூடுதலாயிற்று.

விற்காத உடைகள்

ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி 2018-இல் அந்நாட்டில் 17 மில்லியன் டன் துணிக்கழிவு உண்டாயிற்று, அதில் 11.3 மில்லியன் டன் நிலத்தில் புதைக்கப்பட்டது. நன்கொடைப் பையில் இட்டவுடன் உடை ஏழை ஒருவரின் தோளில் ஏறிவிடுகிறது என்ற நம்பிக்கை, அடுத்த புதிய உடையை உறுத்தலின்றி வாங்க உதவுகிறது. உண்மையில் விற்காதவற்றுள் ஒரு பகுதி துடைக்கும் துணியாகவும், ஒரு பகுதி இருக்கைகளுக்குள் அடைக்கும் பஞ்சாகவும் மாறுகிறது. எஞ்சியதில் அணியத்தக்கவை ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியா ஆகியவற்றுக்கு ஏற்றுமதியாகின்றன.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இவ்வுடைகளுக்கு 'மிட்டும்பா' (சுவாகிலியில் பொதிகள்) என்றும், சாம்பியாவில் 'சலாவுலா' (கிளறிப் பொறுக்குதல்) என்றும் பெயர். கானாவில் வழங்கும் 'ஒப்ரோனி வாவு' என்ற அகான் மொழித் தொடருக்கு 'இறந்த வெள்ளையரின் உடை' என்பது கருத்து. உயிரோடிருப்பவர் இத்தனை நல்ல உடையைக் கொடுத்துவிடுவார் என முதலில் எவரும் நம்பவில்லை போலும். அக்ரா நகரின் காந்தமாந்தோ சந்தை இவ்வணிகத்தின் பெரும் மையங்களுள் ஒன்று. அங்குள்ள சிறு வணிகர் பொதியைப் பிரித்துப் பார்க்காமலேயே விலை கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே நல்ல சட்டைகள் இருந்தால் இலாபம், கறைபடிந்த மலிவு உடைகள் இருந்தால் கடன். பாஸ்டனிலோ இலண்டனிலோ பிரிப்பவர் சில நொடிகளில் எடுத்த முடிவின் இடர் முழுவதும் இவ்வாறு அவர் தலையில் இறங்குகிறது. 2025 சனவரித் தொடக்கத்தில் இச்சந்தையின் பெரும்பகுதி தீயில் அழிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டு வந்தது. சிலியின் வடபகுதியில் இக்கிக்கே துறைமுகம் வழியாக வரும் உடைகளில் விற்காதவை அட்டகாமா பாலைவனத்தில் மலைபோல் கொட்டப்பட்டதை 2021-இல் வெளியான படங்கள் உலகுக்குக் காட்டின.

உள்நாட்டு ஆடைத் தொழிலைக் காக்க இவ்விறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவதென 2016-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாடுகள் முடிவு செய்தன. ருவாண்டா கிலோ ஒன்றுக்கு 0.20 டாலராக இருந்த வரியை 2.50 டாலராக உயர்த்தியது. இதற்கு எதிர்வினையாக ஐக்கிய அமெரிக்கா 2018-இல் ருவாண்டா ஆடைகளுக்கான வரிவிலக்கை நிறுத்தி வைத்தது. மற்ற நாடுகள் பின்வாங்கின. பழைய உடையை வாங்க மறுப்பதற்கும் ஒரு நாடு விலை கொடுக்க நேர்ந்த நிகழ்வு இது.

இந்தியாவில் அணிவதற்கான பழைய உடைகளின் இறக்குமதி உரிமத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் வெளிநாட்டுப் பழைய உடைகள் பிரிக்கப்பட்டு மறு ஏற்றுமதி செய்யப்படுகின்றன. அணிய முடியாதபடி வெட்டப்பட்ட கம்பளி உடைகள் அரியானாவின் பானிப்பட்டுக்குச் சென்று, நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, பிய்த்து நூற்கப்பட்டு, மலிவான போர்வைகளாகின்றன. பேட்லியில் தோன்றிய ஷாடித் தொழிலின் இன்றைய முதன்மை இருப்பிடம் இதுவே.

தமிழர் வழக்கில்

மேற்படிப்புக்காக ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா சென்றிறங்கும் தமிழ் மாணவர்கள் பலருக்கு முதல் குளிர்மேற்சட்டையும், நேர்முகத் தேர்வுக்கான முதல் கோட்டும் சிக்கனக் கடையிலிருந்தே கிடைக்கின்றன. குளிர் தொடங்கிய பின் செல்வதை விட, செப்டம்பரிலேயே சென்றால் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும்.

தமிழ்நாட்டில் உடன்பிறந்தாரின் உடையை இளையவர் அணிவது இயல்பெனினும், முன்பின் அறியாதவரின் உடையை, அதுவும் இறந்தவருடையதாக இருக்கக்கூடியதை, விலைக்கு வாங்கி அணிவதில் தயக்கம் உண்டு. எனவே பழைய துணி கடைக்கு வந்து தொங்கியதை விடத் தெருவோடு போனதே மிகுதி. பழைய துணிகளை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் வாளியோ தரும் தெரு வணிகர் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். எத்தனை சட்டைக்கு எவ்வளவு பெரிய பாத்திரம் என்பது வாசலில் நின்று பேசி முடிவாகும். பழைய பட்டுப்புடவைக்கு மட்டும் தனி வணிகர் உண்டு. உண்மைச் சரிகையில் வெள்ளி இருப்பதால், சரிகையை எரித்து அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பர். அவர் விலை கூறும்போது புடவையின் நிறத்தையோ வேலைப்பாட்டையோ பார்ப்பதில்லை. சரிகையை உரசிப் பார்த்து, எடை போடுகிறார்.